இரண்டு மோட்டார், ஒரு மாமனார்

பிரஷ்லெஸ் மோட்டாருக்கு வயர் மூன்று. எந்த நேரமும் இரண்டில்தான் கரண்ட் ஓடும். சும்மா கிடக்கும் மூன்றாவதில் எழும் வோல்டேஜை மோப்பம் பிடித்து, காந்தம் எங்கே நிற்கிறது என்று ஊகித்து, அடுத்த சுருளுக்குக் கரண்டை மாற்றிவிடுவது கன்ட்ரோலர் வேலை. ஒரே கன்ட்ரோலரில் இரண்டு மோட்டாரை மாட்டினால்? ஒரு டைப்பிஸ்ட் ஒரே சமயத்தில் இரண்டு மேனேஜருக்கு டிக்டேஷன் எடுத்த கதைதான். ஆகவே சார், மோட்டாருக்கு ஒரு கன்ட்ரோலர். பழைய பிரஷ் மோட்டார் என்றால் ஒன்றிலேயே ஒப்பேற்றலாம். இதை வீட்டில் விளக்கி, இரண்டாவதுக்குக் காசு வாங்கியது தனிக்கதை.

நான் செய்தது டகோட்டா. மாமனார் 1960-களில் முதன்முதலாக ஆகாயம் ஏறியது அதில்தான். இப்போது எண்பது தாண்டிவிட்டது, கண்ணும் மங்கல். "நல்லா தெரியறப்பவே காட்டிடுங்க மாப்ளே" என்று தினம் போன்.

ஒரு மோட்டார் இடமாகவும் மற்றது வலமாகவும் சுற்றணுமா? மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் போச்சு. புரொப்பெல்லரும் அதற்கேற்ற எதிர்ச்சுற்று ரகமாக இருக்கணும், அவ்வளவுதான். இரண்டு கன்ட்ரோலரும் ரிசீவருக்கு 5 வோல்ட் கொடுக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு எஜமான் போதும் என்று ஒன்றின் சிவப்பு வயரை மட்டும் கழற்றி, டேப் சுற்றிவிட்டேன்.

பயமெல்லாம் பேட்டரியில். ஃபுல் த்ராட்டிலில் ஆளுக்கு 20 ஆம்பியர், மொத்தம் 40. என் 2200 மில்லி ஆம்பியர் பேட்டரி அந்த வேகத்தில் மூணே கால் நிமிஷம்தான். சார்ஜ் இறங்கினால் கன்ட்ரோலர் தானாக மோட்டாரை நிறுத்தும். ஆனால் இரண்டும் ஒரே நொடியில் நிறுத்தும் என்று யார் உத்தரவாதம்? ஒன்று முந்திக்கொண்டால் விமானம் அந்தப் பக்கமாகத் திரும்பிக் குப்புற விழும். அதனால், பாதி த்ராட்டில் கணக்கில் நாலு நிமிஷத்துக்கு டைமர்.

செங்கல்பட்டுக்கு அப்பால், அறுப்பு முடிந்த வயல். டகோட்டா ஏறியது. மாமனார் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார். "அதோ... அதே சத்தம்!" (சத்தியமாக அதே சத்தமில்லை. நான் எதுவும் சொல்லவில்லை.)

டைமர் கத்தியது.

"மாப்ளே, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு."

கல்யாணமாகி பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் விஷயம்.

"முடியாது மாமா."

இறக்கினேன். முகம் சுண்டிப் போச்சு. பேட்டரி மீட்டரைக் காட்டினேன், பார்க்கவே மறுத்துவிட்டார். பேட்டரி ஆறி, மறுபடி சார்ஜ் ஏற ஒரு மணி நேரம். அதுவரை விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் தடவை பறந்து இறங்கிய பிறகுதான் பேச்சு வந்தது.

"ஏர் இந்தியால சூப்பர் கான்ஸ்டலேஷன்னு ஒண்ணு இருந்துச்சே, அதுக்கு நாலு எஞ்சின் இல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி விரல்விட்டு எண்ண ஆரம்பித்திருந்தாள்.