நெற்றியில் இருந்த பச்சை

ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பழைய வீடுகளுக்குள் புகைப்படம் எடுப்பது எளிதன்று. கரிசல் வெக்கைக்கும் புழுதிக்கும் அஞ்சிக் கட்டப்பட்டவை அவை. சுவர்கள் கனத்தவை, சன்னல்கள் சிறியவை. பல வீடுகளில் நடுப்பகலிலும் வாசல் ஒன்றே வெளிச்சத்துக்கு வழி. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் முதலில் எதுவும் தெரியாது. பிறகு கண் பழகிக்கொள்ளும். கேமராவுக்கு அந்தப் பொறுமை இல்லை.

வாய்மொழிக் கதைகள் சேகரிக்கப் போகும் என் மாணவர்கள், கதை சொன்ன பாட்டிகளின் படங்களுடன் திரும்புவார்கள். பெரும்பாலும் பிளாஷ் போட்ட படங்கள். நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பு, பின்சுவரில் வெட்டிவைத்தாற்போல் ஒரு நிழல், கண்ணில் மிரட்சி. அவர்களிடம் நான் சொல்வது இதுதான். பிளாஷை அணையுங்கள், டியூப்லைட்டையும் அணையுங்கள். குழல்விளக்கின் நிறமும் பகல் வெளிச்சத்தின் நிறமும் ஒரே முகத்தில் கலந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் பின்னர் அவற்றைச் சுத்தமாகப் பிரிக்க இயலாது. பாட்டியை வாசலிலிருந்து இரண்டு முழம் உள்ளே, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அமர்த்துங்கள். மறுபக்கக் கன்னம் மிகவும் இருண்டால், அங்கே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கும் ரிப்ளெக்டர் செய்யும் வேலையும் அதுவே. ஐஎஸ்ஓவை 1600 வரை கூட்டத் தயங்க வேண்டாம். படத்தில் மணல் மணலாகப் புள்ளி விழுவது, அசைந்து கலங்கிப் போவதைவிட மேல்.

கணினியில் திருத்தும்போது, அந்த வேட்டியின் வெண்மையை வைத்தே நிறத்தைச் சரிசெய்யலாம். அங்கே நிறுத்திக்கொள்வதுதான் கடினம். மூலையிலுள்ள இருட்டையெல்லாம் விலக்கிவிட வேண்டும், முகத்தை வெளுப்பாக்க வேண்டும் என்று கை பரபரக்கும். இந்தப் பரபரப்புக்கு நெடிய வரலாறு உண்டு. 1950களிலிருந்து கோடக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள். நம் ஊர்க் கறுப்பு அந்தக் கணக்கில் இல்லை.

நம் பக்கத்து வரலாறு வேறு. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டைய ராஜுவும் (1898–1976) அவர் சீடர்களும் வரைந்த தெய்வங்கள், சிவகாசியில் அச்சாகி நம் வீடுகளின் இருண்ட சுவர்களில் காலண்டர்களாகத் தொங்கின. அந்த அறைகளில் மிக வெளிச்சமான முகம் தெய்வத்தின் முகமே. அதில் நிழல் விழாதது பொருத்தம்தான். வெயிலில் பருத்தி எடுத்த முகத்துக்கு அது எப்படிப் பொருந்தும்?

என் ஆச்சி இறந்த பதினாறாம் நாள், ஒரு ஸ்டூடியோவிலிருந்து பெரிதாக்கி வந்த படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். சுருக்கங்கள் இல்லை. நிறம் கோதுமையாகியிருந்தது. நெற்றியில் சிறுவயதில் குத்திய பச்சையை அழுக்கென்று எண்ணித் துடைத்துவிட்டிருந்தார்கள். ஆச்சியின் தங்கை படத்தின் முன் நெடுநேரம் நின்றாள். பிறகு, “இது யாரு வீட்டுக் கிழவி?” என்றாள்.

மூலப்படம் தம்பியின் கைபேசியில் இருந்தது. வாசலோரம் எடுத்தது; பாதி முகம் நிழலில். நிறத்தை மட்டும் சரிசெய்து, இருட்டை இருட்டாகவே விட்டு, வேறு இடத்தில் அச்சிட்டு வந்தோம். பாம்படம் இழுத்த காதும் நெற்றிப் பச்சையும் அதில் தெரிந்தன. சின்ன ஆச்சி அதன் முன் உட்கார்ந்த பிறகுதான் ஒப்பாரியைத் தொடங்கினாள்.