தூத்துக்குடிக்கு எதிரே நான்கு தீவுகள்

தூத்துக்குடி என்றதும் முத்து, உப்பு, துறைமுகம் என்று அடுக்குகிறோம். ஊருக்கு எதிரே கடலில் கிடக்கும் ஆளில்லாத் தீவுகளைச் சொல்பவர் குறைவு. வானம் தெளிந்த காலையில் தருவைகுளம் கரையில் நின்று கிழக்கே பாருங்கள். தண்ணீர் முடியும் இடத்தில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று கண்ணில் பட்டால், அதுதான் தீவு.

எல்லாத் தீவுகளும் ஒரே வகை அல்ல. அந்தமானின் பாரன் தீவு எரிமலை. கடலுக்கு மேல் 350 மீட்டர் ஓங்கி நிற்கிறது. நம் தீவுகளுக்கு அந்த உயரம் கிடையாது. பவளப் பாறைமேல் உடைந்த பவளச் சல்லியும் மணலும் சேர்ந்து உண்டான தாழ்ந்த திட்டுகள் இவை. ராமேஸ்வரம் தொடங்கி இங்குவரை மொத்தம் 21. தூத்துக்குடிப் பகுதிக்கு வான்தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குச்சல்லி என நான்கு. விலாங்குச்சல்லி மூழ்கிவிட்டது.

அதில் நம் பங்கும் உண்டு. சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளக்கல்லை வெட்டி எடுத்தோம். இந்தக் கரையோரப் பழஞ்சுவர்களில் பூச்சு உதிர்ந்த இடத்தை உற்றுப் பார்த்தால், பூப்பூவாய்த் துளையிட்ட கல் தெரியும். அலையின் வேகத்தை உடைத்த பவளப் பார் போனதும் அலை நேரே தீவை அரித்தது. 1969இல் சுமார் 21 ஹெக்டேர் இருந்த காரைச்சல்லி, 2024இல் 3 ஹெக்டேர் சொச்சமாகச் சுருங்கியது. 1986இல் 16 ஹெக்டேர் இருந்த வான்தீவு ஒரு கட்டத்தில் 2 ஹெக்டேருக்கு வந்துவிட்டது.

1986இல் இந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்தது. வான்தீவைச் சுற்றிச் செயற்கைப் பார்களை இறக்கியபின் அரிப்பு தணிந்தது, மணல் சேர்ந்தது, மீனும் வந்தது. அடுத்து காரைச்சல்லிக்கும் அதே வேலை திட்டமிடப்பட்டது.

பெரிய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. முத்தை இழந்த ஊர் தீவுகளையும் இழக்கக் கூடாது. கரையை நோக்கி வரும் அலையை முதலில் வாங்குவது அவைதான்.

கடலில் கால் நனைக்க, இந்த நான்கில் சேராத முயல்தீவு இருக்கிறது. குடும்பத்தோடு போங்கள், கொண்டுபோன நெகிழிப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். மேலே சொன்ன தூத்துக்குடித் தீவுகளில் இறங்க அனுமதி இல்லை, படகுக்காரரை வற்புறுத்தாதீர்கள். அவற்றைக் கரையிலிருந்து பார்ப்பதே போதும்.