சுவர் மிஞ்சிய மலையும் நீரில் போன கோட்டையும்

குன்னூர் போகிறவர்களுக்கு லாம்ஸ் ராக், டால்பின்ஸ் நோஸ் என்ற இரண்டு பெயர்களும் மனப்பாடம். டாக்சிக்காரர் கேட்காமலே அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுவார். லாம்ஸ் ராக்கில் நின்று கணவாய்க்கு அப்பால் எதிரே தெரியும் மொட்டைத் தலை மலையைக் காட்டி, அது என்ன என்று கேட்பவர்கள் குறைவு. பக்காசூரன் மலை என்பது ஊர்ப் பெயர். பீமனிடம் அடிபட்டுச் செத்த, வண்டி வண்டியாகச் சோறு தின்ற அந்த அரக்கன்தான். ஆவணங்களில் ஹுலிக்கல் துருகம். பேச்சு வழக்கில் திப்பு கோட்டை, சுருக்கமாக ட்ரூக்.

நான்சச் தேயிலைத் தோட்டம் வரை வண்டி போகும். குன்னூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். அப்புறம் நடைதான். தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் வழி கேட்டேன். "கோட்டைக்கா தம்பி? அங்க ஒண்ணும் இல்ல. செவுரு கொஞ்சம் கெடக்கும். வழியில காட்டுமாடு நின்னா நீங்களும் நின்னுடுங்க, அது போனப்புறம் போங்க" என்றார். சொன்ன இரண்டும் சரி. அவர் பிறந்தது நுவரெலியா பக்கம். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். எங்கோ கீழே, தலைநகரில் இட்ட ஒரு கையெழுத்து அவரை இந்த மலைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. இந்த மலையின் பழைய கதையும் பெரும்பாலும் அப்படித்தான், கீழே முடிவாகி மேலே நடந்தது.

உச்சியில் நிஜமாகவே கோட்டை இல்லை. இடுப்பளவும் ஆளுயரமுமாகச் சில சுவர்த் துண்டுகள், புதரில் சரிந்த கற்கள். செஞ்சியையோ வேலூரையோ மனத்தில் வைத்துக்கொண்டு ஏறினால் ஏமாற்றம்தான். ஆனால் சுவருக்கு முதுகு காட்டி நின்று பார்த்தால் எதற்காக இங்கே கல் சுமந்தார்கள் என்பது விளங்கிவிடும். கிட்டத்தட்ட 6,000 அடி உயரம். காலடியில் மேட்டுப்பாளையம், பவானி ஆறு, அதற்கப்பால் கோவைச் சமவெளி. பக்கத்திலேயே குன்னூர் கணவாய். 1899இல் மலை ரயில் குன்னூரை எட்டியதும் அந்தக் கணவாய் வழியாகத்தான். பத்துப் பேர் கொண்ட காவலுக்குப் போதுமான இடம் இது. படை நிறுத்த அல்ல, வருகிறவர் போகிறவரைக் கண்காணிக்க.

நீலகிரியில் இதுபோன்ற கோட்டைகள் மூன்றைச் சொல்வார்கள். குன்னூர் பக்கம் இது, கல்லட்டி பக்கம் மலைக்கோட்டை, கிழக்கே உடையராயர் கோட்டை. மூன்றுமே மலையின் விளிம்புகளில், சமவெளியிலிருந்து ஏறும் பாதைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பவை. நடு பீடபூமியில் தோடர் மந்துகளுக்கும் கோத்தர்களின் கோக்கால்களுக்கும் படுகர் ஹட்டிகளுக்கும் என மலைவாசிகளின் ஊர் எதற்கும் மதில் கிடையாது. அவர்களுக்கு மலையே மதில். இந்தக் கோட்டைகள் யாரைக் காக்க எழுந்தன என்று கேட்டால் மலைவாசிகளை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வரி வசூலிக்கவும் பாதையைப் பூட்டவும் கீழிருந்த அரசுகள் போட்ட தாழ்ப்பாள்கள் என்றே தோன்றுகிறது.

கீழிருந்த அரசுகளில் முதலில் கல்வெட்டில் பேசுவது ஹொய்சளம். 1117ஆம் ஆண்டு சாமராஜநகர்க் கல்வெட்டு, ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தோடர்களை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டதாகப் பெருமை பேசுகிறது. தோடர்களின் பெயர் எழுத்தில் பதிவானதே அவர்களை மிரட்டிய செய்தியோடுதான்! ஊட்டியின் வரலாற்றை 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறி வந்ததிலிருந்து தொடங்கும் வழிகாட்டிப் புத்தகங்கள் இந்த எழுநூறு ஆண்டுகளை ஒரே தாவலில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அது பிடிப்பதில்லை.

ஹொய்சளர் மலையை ஆண்டது மலையிலிருந்து அல்ல. அடிவாரத்தில், மோயாறு பவானியோடு கூடும் இடத்தில் ஒரு கோட்டை நகரம் இருந்தது. பெயர் தண்ணாயக்கன்கோட்டை. அவர்களுக்காக மாதவ தண்ணாயக்கன் அங்கிருந்து ஆண்டான், நீலகிரியை அடக்கியவன் என்ற பொருளில் பட்டமும் சூட்டிக்கொண்டான். உள்ளே மாதவராயப் பெருமாள் கோயில் எழுந்தது. பிற்பாடு கோட்டை மைசூர் அரசின் கையில் இருந்தது. 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்டதும், கோவைச் சீமையோடு கோட்டையும் மலையும் சேர்ந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. மலை மேல் அதற்காக ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. அடுத்த ஆண்டே கம்பெனி அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் இந்தக் கோட்டைக்கு வந்தார், மலைச்சரிவில் ஓரளவு ஏறிப் பார்த்தார், இறங்கிவிட்டார். 1812இல் நிலமளக்க வந்த வில்லியம் கீஸ் அவரைவிட மேலே போனார். அதற்கும் ஏழு ஆண்டு கழித்துத்தான் சல்லிவன். கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் அவர் தங்கிய வீட்டைப் புதுப்பித்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள். அருமையான பழைய படங்கள் உண்டு, பார்க்கத் தகுந்த இடம்.

அந்தத் தண்ணாயக்கன்கோட்டையைப் பார்க்க எங்கே போக வேண்டும்? கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்கு. இது விளையாட்டில்லை. அங்கே நின்றால் ஒரு பக்கம் ரங்கசாமி சிகரம், செங்குத்தாகக் கீழே மோயாற்றுப் பள்ளம், காட்டுக்கு நடுவே பச்சைத் துண்டாகத் தெங்குமரஹாடா. தெளிந்த நாளில் கிழக்கே பளபளவென்று அகன்ற நீர்ப்பரப்பு தெரியும். பவானிசாகர் அணை நீர். கோட்டை அதற்குள்தான் இருக்கிறது.

1948இல் தொடங்கி 1955இல் முடிந்த கீழ்பவானித் திட்டம் நாட்டின் மிக நீளமான மண் அணைகளில் ஒன்றை எழுப்பியது. அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 105 அடி. ஈரோடு மாவட்டத்தைச் சேர்த்துக் கொங்கு நாட்டில் சுமார் இரண்டு லட்சம் ஏக்கர் அந்தத் திட்டத்தின் வாய்க்காலால் பாசனம் பெறுகிறது. நெல்லும் மஞ்சளும் கரும்பும் அதனால்தான். அணைக்காகத் தண்ணாயக்கன்கோட்டை ஊரார் தெய்வச் சிலைகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். கோட்டையும் கோயிலும் அப்படியே நீருக்குள் போயின. அணை கட்டியது தவறென்று நான் சொல்ல வரவில்லை. அந்த நெல்லைத் தின்று வளர்ந்தவன்தான் நானும். ஆனால் ஹொய்சளர், மைசூர், கம்பெனி என்று அத்தனை கைகளுக்கு மாறிய கோட்டையை, எந்தப் படையும் செய்யாதபடி சுவடே தெரியாமல் ஆக்கியது அணைத் தண்ணீர். மழை பொய்த்து அணை வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் மாதவராயப் பெருமாள் கோயில் சேற்றுக்கு மேலே தலைகாட்டும். சுற்றுவட்டாரத்து ஜனங்கள் பரிசலில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

துருகத்துக்குப் போக நினைப்பவர்கள் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் காலையிலேயே ஏறிவிடுங்கள். முற்பகல் கழிந்தால் மஞ்சு மூடி, பார்க்க வந்த சமவெளியே இருக்காது. வனத்துறையிடம் கேட்காமல், துணையில்லாமல் போகாதீர்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர் வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு: 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு ஏற இ-பாஸ் வேண்டும்.