மீனுக்கு முன் செடி

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்கியது. குவார்ட்டர்ஸ் மாடி காய்கிற காய்ச்சலில் கூடத்து மீன்தொட்டித் தண்ணீர் மதியமே வெதுவெதுத்துவிட்டது. சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். மோலி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஜன்னலுக்குத் திரை போட்டேன். ஏர் பம்ப் இனி இரவு முழுக்க ஓடும். பகலில் பிராணவாயு விடும் செடிகள், இருட்டியதும் மீனோடு சேர்ந்து அதைச் செலவழிக்கும்.

மே 11, ஞாயிறு

தொட்டி விளிம்பில் மணி பிளாண்ட் கொடியைச் செருகினேன். "தம்பி, மீன் செத்துடாதா?" என்றார் எதிர்வீட்டு அக்கா. வேர் மட்டும் நீரில் இருந்தால் பயமில்லை. இலை மூழ்கினால் அழுகும். மீன் கழிவிலிருந்து வருவது அம்மோனியா. மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது செடிக்கு உரம். மணி பிளாண்ட்டின் இலைகள் வெளிக்காற்றில் இருப்பதால் கரியமில வாயுவுக்குப் பஞ்சமில்லை. வேகமாக வளரும், நைட்ரேட்டையும் வேகமாக இழுக்கும்.

மே 25, ஞாயிறு

குளத்துச் செடிகள் வந்தாயிற்று: பள்ளியில் ஒளிச்சேர்க்கையைக் காட்டும் புனல் சோதனைக்குப் போட்ட அதே ஹைட்ரில்லா, கூடவே நாடா இலை வாலிஸ்னேரியா. இரண்டும் நம் வெயிலுக்குப் பழகியவை. கரியமில வாயு சிலிண்டர் கேட்காதவை. நேரே தொட்டியில் போடாமல் வாளியில் சில நாள் வைத்திருக்கிறேன். தும்பியின் இளம்புழு ஒளிந்து வந்தால் மீன்குஞ்சுகளைத் தின்றுவிடும்.

1850இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் தங்கமீன்களோடு வளர்த்ததும் வாலிஸ்னேரியாதான். அழுகிய இலையைத் தின்ன நத்தைகளைச் சேர்த்தபின் அவருடைய தொட்டி தெளிந்தது. செடியும் மீனும் ஒன்றையொன்று காக்கும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

ஜூன் 8, ஞாயிறு

ஹைட்ரில்லா தொட்டியை அடைத்துக்கொண்டது, கத்தரித்தேன். வெட்டியதைச் சாக்கடையில் போட மனமில்லை. இங்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நடக்கும். இறைத்த நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வரை போய் வயலுக்குப் பாய்கிறது. தண்ணீருக்கும் ஊர்களுக்கும் உறவு நீளம். சாக்கடையில் போட்ட செடி எந்த ஏரிக்குப் போய்ச் சேருமோ.

அழகுக்காகத் தென்னமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரை நம் ஏரிகளை மூடியிருக்கிறது. தொட்டியின் பாசியைத் தின்ன வாங்கிய டேங்க் கிளீனர் மீனும் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகிவிட்டது. இரண்டுமே மனிதர் கொண்டுவந்து விட்டவை.

தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மிஞ்சிய செடியை வெயிலில் காயவைத்து ரோஜாத் தொட்டிக்கு உரமாக்குங்கள். வேண்டாத மீனைக் கடையிலோ தெரிந்தவரிடமோ கொடுங்கள். குளத்தில் மட்டும் விடாதீர்கள்.