கடலைப் பார்த்த அவுட்டோர்

காலை ஆறரைக்கெல்லாம் கொட்டிவாக்கம் வந்துவிடச் சொன்னார் ஏ.சி. மெக்கானிக். ஏன் அத்தனை சீக்கிரம் என்று கேட்டேன். "மத்தியானம் கடல் காத்து எறங்கிடும் சார். காத்து வந்துட்டா சோப்பு நுரையும் நிக்காது, பத்த வைக்கிற நெருப்பும் நிக்காது." அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. கடல் காற்று எப்போது வரும் என்று சென்னையே ஏங்கிக் கிடக்கும் நாட்கள். அந்தக் காற்று வருவதற்குள் வேலையை முடிக்க ஓடுகிறவர்களோடு ஒரு நாள் இருந்து பார்க்கப் போயிருந்தேன்.

போனதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. எங்கள் வீட்டு ஏ.சி.க்கு மூன்று கோடையாகத் தொடர்ந்து கேஸ் போட்டோம். வந்த ஆட்கள் எல்லோரும், "கடலோரம்னா அப்படித்தான், வருஷா வருஷம் போடணும்" என்றே சொன்னார்கள். இவரிடம் அதைச் சொன்னபோது அவர் முகம் சுண்டிப்போனது. "கேஸ் என்ன பெட்ரோலா சார், ஓட ஓட தீர்றதுக்கு? மூடின குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்கிற பொருள். குறைஞ்சா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காம கேஸ் போடறது, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தறது."

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஐ.டி.ஐ. முடித்து, ஜன்னல் ஏ.சி. காலத்தில் தொழிலுக்கு வந்தவர். உடன் வருகிற தம்பிக்கு இருபத்திரண்டு. ஸ்கூட்டரில் கேஜும் வேக்கம் பம்பும். நைட்ரஜன் சிலிண்டர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியது.

முதல் வீடு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. கடற்கரையிலிருந்து மூன்றாவது தெரு. எட்டு வருடங்களுக்கு முன் இந்த மெக்கானிக்தான் ஏ.சி. மாட்டினாராம். மொட்டை மாடிக்குப் போனோம். படிக்கட்டு அறையின் மேற்குச் சுவரை ஒட்டி ஏ.சி.யின் வெளிப்பெட்டி, அதாவது அவுட்டோர், இருந்தது. கிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு அந்த அறையே மறைப்பு. சுற்றிலும் ஆள் உட்கார்ந்து வேலை செய்ய இடம் இருந்தது.

"போர் தண்ணியா, மெட்ரோ தண்ணியாம்மா?"

"மெட்ரோதான் தம்பி. நீதான் போன தடவையே சொல்லிட்டுப் போனியே."

அப்படியும் வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். இந்தக் கரை நெடுகப் பல கிணறுகளில் கடல் நீர் ஏறிவிட்டது. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே ஊற்றுகிறவர்கள் உண்டு என்று வருத்தப்பட்டார். நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் ஓடத் தொடங்கியது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் எடுக்கும் திறனோடு தென்சென்னைக்காகக் கட்டப்பட்டது அது. கடலிலிருந்து உப்பை நீக்கி எடுத்த தண்ணீரால், கடல் பூசிவிட்டுப் போன உப்பைக் கழுவுவதும் இங்கே நடக்கக்கூடிய காரியம்தான்.

மூடியைக் கழற்றி, காயிலுக்கு உள்பக்கமிருந்து வெளியே பார்த்துத் தண்ணீர் விட்டார். வெளியிலிருந்து அடித்தால் அழுக்கு உள்ளே போய் அடைந்துகொள்ளும் என்றார். வேகமாகப் பீய்ச்சும் பம்பை அவர் இந்த வேலைக்கு எடுப்பதில்லை. காயிலில் இருக்கும் அலுமினியத் தகடுகள் காகிதம் போல மெல்லியவை, மடங்கினால் காற்று புகாது. தகடுகளின் போக்கிலேயே மென்மையான பிரஷ்ஷை மேலிருந்து கீழாக இழுத்தார். வடிந்த தண்ணீர் முதலில் பழுப்பாக இருந்தது, பிறகு பால் நிறம், கடைசியில் தெளிவு. கழுவுவதற்கு முன் கிளாம்ப் மீட்டர் 8.6 ஆம்பியர் காட்டியது, கழுவிய பின் 7.1. அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுவதுதான் அவுட்டோரின் வேலை. காயில் அடைத்துக்கொண்டால் வெப்பம் போக வழியில்லாமல் குழாய்க்குள் அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் அதிக மின்சாரம் இழுக்கும், சூடாகும், ஒரு நாள் நின்றுபோகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இப்படிக் கழுவித்தான் அந்த வீட்டு மெஷின் எட்டு வருடமாக ஓடுகிறது.

இரண்டாவது வீடு கடலைப் பார்த்த அடுக்ககத்தில் நான்காம் மாடி. ஏ.சி. வாங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. குளிரவில்லை என்று புகார். கேஜைப் போட்டார், முள் அசையவில்லை. அவுட்டோர் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, சுவரில் அடித்த இரும்பு ஸ்டாண்டில், கடலுக்கு நேர் எதிரே தொங்கியது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அதன் முதுகைத் தடவினார். தகடுகள் பொரித்த அப்பளம் போல உதிர்ந்தன. உள்ளங்கை முழுக்க வெள்ளைப் பொடி.

செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் ஒரு சிறிய மின்கலமே உண்டாகிவிடுகிறது. அலுமினியம் தன்னைக் கரைத்துக்கொண்டு செம்பைக் காக்கும். பொடியாகக் கொட்டியது அந்த அலுமினியம்தான். தகடு போனபின் உப்பு செம்பிலேயே கை வைக்கிறது. தகட்டின் மேல் நீலப் பூச்சு கொடுத்து விற்கிறார்களே என்றேன். "அது கொஞ்ச காலம் தள்ளிப்போடும் சார். இந்த இடத்துக்கு எந்தப் பூச்சும் நிரந்தரமில்ல."

ஓட்டை எங்கே என்று பார்க்க நைட்ரஜன் ஏற்றி நுரை பூச வேண்டும். அதற்கு ஓர் ஆள் வெளியே போயாக வேண்டும். போவதற்கு இருந்தது ஜன்னலுக்குக் கீழே ஒன்றரை அடி அகல சன்ஷேடு மட்டும். அதன் விளிம்பில் சிமென்ட் பெயர்ந்து, உள்கம்பி துருவேறி வெளியே தெரிந்தது. காயிலை அரித்த அதே உப்பு கம்பியையும் அரித்திருந்தது. ஸ்டாண்டின் போல்ட்டுகளிலும் பழுப்புத் துரு வழிந்திருந்தது.

மெக்கானிக் பையிலிருந்து பெல்ட்டை எடுத்து, தம்பியின் இடுப்பிலும் தோளிலும் மாட்டி, கயிற்றின் மறுமுனையை உள்ளே ஹாலின் தூணில் சுற்றிக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். "மத்தவங்க அஞ்சு நிமிஷத்துல பாத்துட்டுப் போயிடுவாங்களே" என்று வீட்டுக்காரர் அவசரப்பட்டார். இவர் பதில் பேசவில்லை. சன்ஷேட்டில் பாரம் வைக்காதே, ஜன்னல் திண்ணையிலேயே உட்கார்ந்து கை நீட்டு என்று தம்பியிடம் இரண்டு முறை சொன்னார். நுரை நான்கு இடங்களில் குமிழிட்டது.

பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தொழில் கத்துக்குடுத்த அண்ணன் இந்த மாதிரி சன்ஷேட்ல நின்னுதான் விழுந்தாரு. ரெண்டாவது மாடி. உயிர் இருந்தது, இடுப்பு போயிடுச்சு. அவர் நின்னுட்டிருந்த இடமே ஒடிஞ்சு வந்துடுச்சு சார்."

அந்த காயிலில் பற்ற வைக்க எதுவும் மிஞ்சவில்லை. மாற்றுவதுதான் வழி. உள்ளே இருந்த ஆர்-32 வாயு முழுவதும் ஏற்கெனவே காற்றில் கலந்திருந்தது. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப் போல 675 மடங்கு. முக்கால் கிலோ கசிந்தால் ஐந்நூறு கிலோ கரியமில வாயுவை வெளியே விட்டதற்குச் சமம். பழைய ஆர்-22 இன்னும் மோசம். அது ஓசோன் படலத்தையும் அரிக்கும் என்பதால் 2030-க்குள் அதைக் கைவிட இந்தியா ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும். வாயு மிச்சமிருக்கும் குழாயில் நெருப்பைக் காட்டினால் நச்சுப்புகையும் வரும். குழாய் காலி என்று தெரியாமல் டார்ச்சைக் கையில் எடுக்கக் கூடாது என்று தம்பிக்கு அங்கேயே பாடம் நடந்தது.

மறுநாள் புது மெஷின் வந்தபோதும் போயிருந்தேன். பழைய ஸ்டாண்டிலேயே மாட்டிவிடச் சொன்னார் வீட்டுக்காரர். மெக்கானிக் மறுத்தார். சமையலறையை ஒட்டி மேற்கே துணி துவைக்கும் பால்கனி ஒன்று இருந்தது. அங்கே வைத்தால் குழாய் பன்னிரண்டு அடி கூடும், செலவும் கூடும். அரைமணி நேரம் பேச்சு நடந்தது. "காசை இப்ப பைப்புக்குக் குடுங்க சார், மூணு வருஷம் கழிச்சு மெஷினுக்குக் குடுக்க வேணாம்" என்றதும் சம்மதம் வந்தது. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளைப் போட்டார். இணைப்புகளில் நைட்ரஜன் ஏற்றி ஒரு மணி நேரம் அழுத்தம் குறைகிறதா என்று பார்த்தார். அதன் பிறகு வேக்கம் பம்ப் அரைமணிக்கு மேல் ஓடியது. பலரும் தவிர்க்கிற வேலை இது. குழாயில் ஈரம் தங்கினால் வாயுவோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரசரை உள்ளிருந்தே தின்னும். பம்ப் ஓடிய நேரத்தில் அவரும் தம்பியும் அந்தப் பால்கனியில் கால் நீட்டி உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

எங்கள் வீட்டு ஓட்டையை அடுத்த வாரம் வந்து கண்டுபிடித்தார். இன்டோர் காயிலின் செம்பில் கண்ணுக்கே தெரியாத துளைகள். எறும்புப் புற்று அரிப்பு என்று இதற்குப் பெயர். புதுப் பலகை, பசை, துப்புரவுத் திரவம் இவற்றிலிருந்து எழும் அமில ஆவி ஈரத்தோடு சேர்ந்து செம்பில் வளைவளைவாகத் துளைத்துவிடுகிறது. மூன்று கோடையாக நாங்கள் பழி போட்ட கடலுக்கு அதில் பங்கில்லை. காயிலை மாற்றினோம்.

கடலோரத்தில் வீடு கட்டப் போகிறவர்களுக்கும் ஃபிளாட் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரைபடத்தில் ஏ.சி. அவுட்டோருக்கு ஒரு சிறு கட்டம் போட்டிருப்பார்கள். அது கடலுக்கு முதுகு காட்டி இருக்கிறதா, பக்கத்தில் ஓர் ஆள் காலூன்றி நிற்க இரண்டடி இடமும் கைப்பிடிச் சுவரும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள்.