அழுத்தித் தேய்த்த பல்

என் பிரஷ் ஒரே மாதத்தில் விரிந்துவிடும். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு! சிறுவயதில் உமிக்கரியை விரலால் அழுத்தித் தேய்த்த பழக்கம், பிரஷ்ஷுக்கு மாறியும் போகவில்லை.

ஓய்வு பெற்ற மறுவருடம், பானைத் தண்ணீர் பட்டாலே இடப்பக்க மேல் கோரைப்பல் சுரீரென்றது. பல் டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணாடியில் காட்டினார். ஈறு விலகி வேர் தெரிந்தது. வலது கைக்காரர்களுக்கு பெரும்பாலும் இடப்பக்கம்தான் அதிகம் தேயுமாம். விலகிய ஈறு தானாக வளராதாம்.

இப்போது மென்மையான பிரஷ். ஈறோரம் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாக, இரண்டு நிமிடம். பேனா மாதிரி பிடித்தால் அழுத்தம் குறைகிறது.

பக்கத்தில் பேரன் கரகரவென்று தேய்க்கிறான். "மெதுவாடா" என்றால், "நீங்கதானே தாத்தா இப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க" என்கிறான்.