ஊமைப்படத்து ஜெர்மன்காரரும் நம்மூர் நந்தனும்

ஜெர்மன் ஊமைப்படம்னா நம்ம பதிவர்கள் உடனே முர்னாவ், ஃப்ரிட்ஸ் லாங்னு ஆரம்பிச்சிடுவாங்க. நான் சொல்ல வந்தது நம்ம ஊருக்கே வந்து படம் எடுத்த ஒருத்தரைப் பத்தி. பேரு ஃப்ரான்ஸ் ஆஸ்டன். 1876-ல் முனிக்கில் பிறந்தவர்.

ஹிமான்ஷு ராயோடு சேர்ந்து மூணு ஊமைப்படம் எடுத்தார். புத்தர் கதையா 'பிரேம் சன்யாஸ்' (1925), தாஜ்மகால் கதையா 'ஷிராஸ்' (1928), மகாபாரதச் சூதாட்டத்தைத் தழுவி 'எ த்ரோ ஆஃப் டைஸ்' (1929). கடைசிப் படத்தில் துணை நடிகர்கள் மட்டும் பத்தாயிரம் பேர்னு சொல்றாங்க. கிராஃபிக்ஸ் இல்லாத காலம் சாமி!

1934-ல் ராய் பாம்பே டாக்கீஸ் தொடங்கினதும் ஆஸ்டனைக் கூப்பிட்டுக்கிட்டார். மனுஷனுக்கு இந்தி தெரியாது. ஆனாலும் அஞ்சு வருஷத்துல பன்னெண்டு படத்துக்கு மேல இந்தியில் எடுத்துத் தள்ளினார். அங்கே லேபில் வேலை பார்த்த பையன் ஒருத்தர் 'ஜீவன் நையா'வில் (1936) ஹீரோ ஆனார். அவர்தான் அசோக்குமார்.

அதே வருஷம் வந்த 'அச்சுத் கன்யா'வை சமீபத்தில் கடலூர் முதுநகர் - சிதம்பரம் பாசஞ்சரில் மொபைலில் பார்த்தேன். தாழ்த்தப்பட்ட சாதி கேட் கீப்பர் மகள் தேவிகா ராணி. பிராமணப் பையன் அசோக்குமார். காதல் கைகூடவில்லை. கடைசியில் ரயிலை நிறுத்தப் போய் அவள் செத்துப் போகிறாள். அதுக்கப்புறம் அவளுக்கு அதே கேட் பக்கத்தில் ஒரு சமாதி. புதுச்சத்திரம் தாண்டும்போது பொட்டில் அடிச்ச மாதிரி இருந்தது: அட, இது நம்ம நந்தன் கதையாச்சே!

சிதம்பரத்துக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன்னு ஏங்கினவரைத் தீயில் இறங்கி வந்தால்தான் உள்ளே விடுவோம்னு சொன்ன கதை. 'அச்சுத் கன்யா'வுக்கு முந்தின வருஷம்தான் கே.பி. சுந்தராம்பாள் லட்ச ரூபாய் சம்பளத்தில் நந்தனாராக நடிச்சாங்க. ரெண்டு கதையிலும் கணக்கு ஒண்ணுதான். செத்தால் கும்பிடுவோம், உயிரோட பக்கத்தில் வரக்கூடாது.

இப்படிப் படம் எடுத்த ஆஸ்டன், அதே 1936-ல் நாஜி கட்சியில் சேர்ந்திருக்கிறார். இதைப் படிச்சப்போ எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்லை. 1939-ல் போர் வந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் பிடிச்சு அடைச்சாங்க. பிறகு வயசானவர்னு விட்டுட்டாங்க. ஊர் திரும்பினவர் 1956-ல் இறந்தார். கேமராமேன் ஜோசப் விர்ஷிங் மட்டும் இங்கேயே தங்கி, பின்னாளில் 'பாக்கீஸா' வரைக்கும் வேலை பார்த்தார்.

அடுத்த ஊர் அநியாயம் ஆஸ்டன் கண்ணுக்குத் தெரிஞ்சது. சொந்த ஊரில் நடந்தது தெரியலையா, தெரிஞ்சும் சேர்ந்தாரா? எப்படிப் பார்த்தாலும் மன்னிக்க முடியலை. படத்தை வெறுக்கவும் முடியலை.

ஆனா அவரைத் திட்டிட்டு நாம நிம்மதியாத் தூங்கிட முடியுமா? நந்தன் பாட்டு கேட்டுக் கண் கலங்கின நம்ம ஜனங்கதானே தெருவில் கோடு போட்டு வெச்சிருந்தாங்க? எனக்கென்னவோ, 1916-ல் சிதம்பரத்திலேயே நந்தனார் பேரில் பள்ளிக்கூடம் தொடங்கின சுவாமி சகஜானந்தாதான் அந்தக் கதைக்குச் சரியான கிளைமாக்ஸ் எழுதினார்னு தோணுது. அங்கே உள்ளே போக யாரும் தீக்குளிக்க வேண்டியதில்லை.